கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியது

தி பூயின் 'த பெஸ்ட் வீ குட் டூ' 2017இல் வந்த படக்கதை வடிவத் தன்வரலாறு. 1975இல் சைகோனில் பிறந்தவர். 1978இல் குடும்பம் படகில் தப்பி மலேசிய அகதி முகாமுக்கு வருகிறது. தம்பி அந்த முகாமில்தான் பிறக்கிறான். பிறகு அமெரிக்கா. கறுப்புக் கோடுகள், செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி ஒரே ஒரு நிறம், அவ்வளவுதான் ஓவியம். ஒரே ராத்திரியில் படித்து முடித்துவிடலாம். தொல்லை அதற்கப்புறம்தான்.

குடியேறிகளின் பிள்ளைகள் எழுதும் புத்தகங்களில் ஒரு டிபன் பாக்ஸ் வரும். வகுப்பில் யாரோ மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். உண்மைதான், வலிதான், ஆனா எனக்கு அலுத்துவிட்டது. பூய்க்கு வேறு கவலை. வியட்நாமில் ஆசிரியையாக இருந்த அம்மா இங்கே குறைந்த கூலிக்கு வேலைக்குப் போகிறார். அப்பா இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வீட்டில். ஓயாத சிகரெட், இருட்டு, பயமுறுத்தும் கதைகள். இந்த மனுஷன் ஏன் இப்படி இருக்கார்? அந்தச் சிறுமிக்குத் தெரியாது. பயம் மட்டும் தெரியும்.

வளர்ந்த பிறகு அவர் அப்பாவை உட்காரவைத்துக் கேட்கிறார். லாகைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டே போவோமே, அந்த மாதிரி. 1945 பஞ்சம் வருகிறது. விட்டுப்போன தாய் வருகிறாள். பிரெஞ்சுப் படைக்குப் பயந்து ஒளிந்திருக்கும் ஒரு சின்னப் பையன் வருகிறான். அந்தப் பையன்தான் பின்னாளில் கலிபோர்னியாவில் கதவைச் சாத்திக்கொண்டு புகைத்தவன். காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக அந்த வீட்டின் இருட்டைப் பூய் ஒரு துளியும் குறைத்து வரையவில்லை. இதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

அம்மா பகுதி இன்னும் நுட்பமானது. வடக்கு வியட்நாம் வழக்கில் தாயைக் கூப்பிடும் சொல் 'மே'. கொஞ்சம் கனமான, மரியாதையான சொல். அம்மாவுக்கு அதுதான் இஷ்டம். பிள்ளைகளோ தெற்கத்திப் பழக்கத்தில் 'மா' என்றே கூப்பிடுகிறார்கள். நம் வீட்டில் 'தாயே' என்று கூப்பிடச் சொன்னால் நாமும் இதைத்தான் செய்திருப்போம். தான் யாராக இருக்க ஆசைப்பட்டாள் என்பதைப் பெற்ற பிள்ளைகளே காதில் வாங்காத ஒரு பெண்ணை, இந்த ஒரு சொல்லை வைத்தே காட்டிவிடுகிறார்.

பிறகு அந்த ஃபைல். குடியிருப்பில் ஒருநாள் வெடிவிபத்து. குடும்பம் வெளியே ஓடுகிறது, முக்கியமான காகிதங்கள் அடங்கிய ஃபைலும் கூடவே. தனக்குக் கிடைத்த பரம்பரைச் சொத்து வியட்நாமியப் பண்பாடு அல்ல, ஆபத்து என்றால் யோசிக்காமல் ஓடும் இந்த அனிச்சைதான் என்கிறார் பூய்.

எங்கள் வீட்டிலும் ஒரு ஃபைல் உண்டு. ஐ-797, பாஸ்போர்ட்கள், கல்யாண சர்ட்டிபிகேட், மூன்று வருஷ வரிக் கணக்கு. நான் வந்தது விமானத்தில், கம்பெனி காசில். படகையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூசுகிறது, வைக்கவும் கூடாது. ஹெச்-1பி-யில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், அவ்வளவுதான் என் ஆபத்து. ஆனாலும் ராத்திரியில் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும் என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆறு வயசு மகளுக்குத் தெரியும்.

புத்தகத்தின் கடைசியில் பூய் தன் மகனைப் பார்க்கிறார். 2005இல் பிறந்தவன், தண்ணீரில் சுதந்திரமாக நீந்துகிறான். போரும் இழப்பும் இவனிடம் வந்து சேராமல் போகலாம் என்று ஒரு நம்பிக்கை. ரொம்ப அழகான பக்கம். எனக்கென்னவோ அதை முழுசாக நம்ப முடியவில்லை.

போன லேஆஃப் சமயத்தில் காகிதங்களைத் தரையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன். மகள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தாள். "அப்பா, நாம எங்க போறோம்?"

"எங்கயும் இல்லடா. சும்மா அடுக்கறேன்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். உள்ளே போய்த் தன் லைப்ரரி கார்டை எடுத்துவந்து பாஸ்போர்ட்டுகளுக்கு நடுவில் செருகினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை லைப்ரரிக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்த ஃபைலைத் திறக்க வேண்டியிருக்கிறது.