நயாரின் சிறுமீன்கள்

மலையாற்றில் மீன் பிடிக்கப் போன கதையை இத்தகைய மலருக்கு எழுதலாமா என்னும் ஐயம் எனக்கு இருந்தது. சைவ அன்பர்கள் பொறுத்தருள்க. இக்கட்டுரையில் ஒரு தட்டு நிறைய மீன் உண்ணப்படுகிறது. உண்டவன் நானே, அதன் பொருட்டே எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு அக்டோபரில், தசரா விடுமுறையை ஒட்டி, தில்லியில் என் பிரிவில் பணிபுரியும் கட்வாலி நண்பர் தம் ஊருக்கு என்னை அழைத்துச் சென்றார். கோட்துவாரிலிருந்து பேருந்தில் மலையேறிச் சத்புலியைக் கடந்தால், நயார் ஆற்றங்கரையில் அவருடைய சிற்றூர். தூதாதோளி மலையில் தோன்றும் கிழக்கு நயாரும் மேற்கு நயாரும் சத்புலி அருகே ஒன்றாகி, தேவப்பிரயாகைக்குக் கீழே வியாச காட் என்னுமிடத்தில் கங்கையில் கலக்கின்றன. பிள்ளைப் பருவத்தில் மூங்கில் கழியும் மண்புழுவுமாகக் காவிரிக் கரையில் கெண்டைக்குக் காத்துக் கிடந்தவன் நான். ஆதலின் மகாசீர் என்னும் பெருமீனை ஒருமுறையேனும் தூண்டிலில் காண வேண்டுமென்ற அவா நெடுநாளாக இருந்தது.

மகாசீரும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் ஐம்பது கிலோ அளவுக்கும் வளரக்கூடியது. தாடையில் பல் கிடையாது, தொண்டையில் உண்டு. விழுங்கிய இரையை அங்கே நசுக்கிவிடும். சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் வெளியிட்ட தூண்டில் நூலில், தம் நாட்டுச் சால்மன் மீனைவிட இதுவே வலிமையாகப் போராடுவது என்று வாதிட்டார். மழைக்காலத்தில் இம்மீன் கங்கையிலிருந்து நயார் போன்ற கிளையாறுகளில் ஏறி முட்டையிடுகிறது; வெள்ளம் வடியும் புரட்டாசி, ஐப்பசியில் பசியோடு கீழிறங்குகிறது.

நாங்கள் சேர்ந்த இரவு நண்பர் வீட்டில் விருந்து. கடுகெண்ணெயில் பொரித்த அசேலா மீன். ஊர்ப் பிள்ளைகள் அன்று மாலை பக்கத்து ஓடையில் கூடைகூடையாக அள்ளி வந்தார்களாம். எட்டோ ஒன்பதோ தின்றேன். கை கழுவ வெளியே வந்தபோது, மீன் அரிந்த இடத்தில் ஒரு சட்டி நிறைய மஞ்சள் முட்டைகள் இருந்தன. அம்முட்டை உண்ண ஆகாது, வயிற்றைப் புரட்டும் என்று கூறி வீட்டுப் பெண்கள் அதை வாய்க்காலில் கொட்டினர். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் விடியலில் நண்பரின் சிற்றப்பா என்னை அழைத்துச் சென்றார். கட்வால் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்தவர். வனத்துறை அனுமதிச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவ்வோடை நயாரில் விழும் மடுவருகே நாங்கள் நின்றோம். ஸ்பூன் என்னும் பித்தளைத் தகட்டை மதியம்வரை வீசி வீசி இழுத்தேன். நீர் அசையவே இல்லை.

“இடம் தவறோ, சாச்சாஜி?” என்றேன்.

“இடம் சரிதான், பேட்டா. விருந்து முடிந்துவிட்டது” என்றார் அவர்.

பிறகுதான் பாறைமேல் அமர்ந்து விளக்கினார். அசேலாவின் உதடு கல்லைப் பற்றுவதற்கேற்ப அமைந்தது. கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். வேனில் தொடக்கத்தில் ஒரு பருவமும் மழை ஓய்ந்தபின் ஒரு பருவமுமாக அது முட்டையிடும். நீர் குளிரத் தொடங்கியதும், தெளிந்த சிற்றோடைகளில் முழங்கால் ஆழமும் இல்லாத பரல் மேட்டுக்கு ஏறி வரும். அப்போது மனித நிழலுக்குக்கூட அஞ்சாது, கையாலேயே அள்ளலாம். ஓடை வாயில் இச்சிறுமீன்கள் திரளும் என்பது மகாசீருக்குத் தெரியும். அங்கே வந்து காத்திருக்கும். “பெரியதைத் தேடாதே, சிறியது எங்கே போகிறது என்று பார்” என்பதே அவருடைய தூண்டில் சாத்திரம்.

நேற்றிரவு இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த இளமைக் காலத்தில், இதே மடுவில் தாமும் வெடி வீசியதாகச் சொன்னார். ஒரே வெடியில் குஞ்சும் முட்டையும் தாயுமாக மடு முழுதும் வெள்ளையாக மிதந்ததாம். “அந்தப் பிள்ளைகளை நான் எந்த வாயால் தடுப்பேன்?” என்றார். இப்போது வெடிக்குப் பதிலாகச் சிலர் பிளீச்சிங் பொடி கரைக்கிறார்களாம். அதற்கு ஓசையும் இல்லை. மகாசீர் இன்று உலக அளவில் அழிவாபத்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அணைகள், மணல் அகழ்தல் என்று காரணங்கள் பல. அவற்றோடு என் தட்டையும் சேர்த்து எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வியாச காட்டுக்குப் போனோம். நயார் பனிமலையில் பிறந்ததன்று. ஊற்றும் மழையுமே அதற்கு ஆதாரம். ஆதலின் மழை நின்றதும் முதலில் தெளிவது அதுவே. கங்கையோ அன்றும் சாம்பல் கலந்த பச்சையாக ஓடியது. இரு நீரும் சிறிது தொலைவு கலவாமல், நூல் பிடித்தாற்போல் ஒரு கோட்டுடன் செல்கின்றன. தெளிந்த பக்கம் சிறுமீன் கூட்டம். கலங்கிய பக்கம் வேட்டையாடும் மீன் மறைந்து கிடக்குமாம். வெயில் ஏறும் வேளையில், யாரோ ஒரு பிடி அரிசியை வாரி இறைத்தாற்போல் சிறுமீன்கள் நீருக்கு மேலே தெறித்தன. “அங்கே!” என்றார் பெரியவர்.

தகடு விழுந்து நான்கு சுற்று இழுப்பதற்குள் தூண்டில் கைநழுவப் பார்த்தது. பிறகு நடந்தவற்றில் என் வீரம் ஏதுமில்லை. கற்களில் இடறி அதன் பின்னே ஓடினேன், அவ்வளவே. அரைமணி நேரம் கழித்துக் கரையோரம் வந்தது ஐந்து கிலோ இருக்கும். பொன்னை உருக்கி வார்த்த செதில்கள். முள்ளைக் கழற்றும்போது அதன் வாயிலிருந்து விரல் நீளச் சிறுமீன் ஒன்று நழுவி விழுந்தது. பெரியவர் அதை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். அசேலா. மகாசீரை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்திருந்தோம். வாலை ஒருமுறை அசைத்துக் கலங்கல் நீருக்குள் போய்விட்டது.

திரும்பும் வழியில் பேருந்து சத்புலியில் நின்றது. மீன் சோற்றுக்குப் பெயர் பெற்ற ஊர். இது எந்த ஆற்று மீன் என்று கடைப் பையனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்குப் பருப்பும் சோறும் போதும் என்றேன். நண்பர் மீன் வாங்கி, இருந்த இரு துண்டுகளில் ஒன்றை, அலுவலகத்தில் நாள்தோறும் செய்வதுபோல, என் தட்டில் எடுத்து வைத்தார். தின்றேன்.