பட்டறைத் தரையில் ஒரு பிரேக்குச் சக்கரம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை இரவு

காரைக்காலுக்கும் பேரளத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் ஓடிய பழைய வண்டித் தொடரை எச்.ஓ. அளவில், அதாவது அசலின் 87-இல் ஒரு பங்காக, வடித்துவிட வேண்டும் என்ற என் நெடுநாளைய சங்கற்பத்தில் இன்று கார்டு வண்டியின் முறை வந்தது. உடலும் கூரையும் முன்பே முடிந்து, படிகளும் கைப்பிடிகளும் ஏறி, கார்டு நின்று சுழற்றும் கைப்பிரேக்குச் சக்கரம் ஒன்றே பாக்கியாக இருந்தது. அசலில் சுமார் 35 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள அந்தச் சக்கரம் என் மேசைமேல் 4 மில்லிமீட்டர். மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்து வட்டமாக்கி, நான்கு ஆரங்களை உள்ளே ஈயப்பற்று வைத்து இணைத்துச் செய்தது. அதைச் சாமணத்தால் பற்றித் தண்டின் முனைக்குக் கொண்டுபோகும்போது, சாமணத்தின் இரு அலகுகளும் வளைவின்மேல் சமமாகப் படியாமையால் அழுத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சக்கரம் தெறித்து மறைந்தது.

மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து நேரே விழும் பொருள் தரையைத் தொடுவதற்கு 0.4 நொடி போதும். கண் அதைப் பின்தொடர்வதற்குள் அது விழுந்து, எழும்பி, உருண்டு, தன் இடத்தைத் தேடிக்கொண்டுவிடுகிறது. எழுந்து நிற்கவில்லை, காலை நகர்த்தவில்லை. மடியையும் வேட்டி மடிப்பையும் சட்டைப் பையையும் இருந்த இடத்திலிருந்தே தடவிப் பார்த்துவிட்டு, மெல்ல வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நாளைக் காலைவரை அந்த அறையைப் பெருக்கக் கூடாதென்று வீட்டில் சொல்லி வைத்தேன்.

புதன்கிழமை காலை

காரைக்கால் கோவில்பத்தின் பழைய வீடுகளைப்போல் இந்த வீட்டிலும் தரை சிமெண்டுத் தரைதான். காவி பூசி மெழுகியது. பித்தளை நிறம் அந்தக் காவியில் எளிதில் கரைந்துவிடும். ஆகையால் நிறத்தை நம்பித் தேடுவது வீண்; நிழலை நம்பித் தேட வேண்டும். விளக்கை உச்சியிலிருந்து காட்டினால் பொருளின் நிழல் பொருளுக்கு அடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. அதே விளக்கைத் தரையோடு தரையாகக் கிடத்தி, ஒளி 5 பாகைச் சாய்வில் படும்படி செய்தால், அரை மில்லிமீட்டர் கனமுள்ள பொருள்கூட ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீள நிழலை வீசுகிறது. ஸ்தூலமாகக் கண்ணுக்குத் தட்டுப்படாத வஸ்து தன் நிழலால் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கிழக்கு ஜன்னல் வழியே இளவெயில் சாய்ந்து விழுந்த நேரத்தை முதலில் பயன்படுத்திக்கொண்டேன். பிறகு டார்ச்சு விளக்கைத் தரையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டித் தரையைக் கட்டம் கட்டமாகப் பகுத்து, ஒரு கட்டத்தை முடித்தபின் அடுத்த கட்டத்துக்குப் போவது என்று கிரமம் வகுத்துக்கொண்டேன். இந்தக் கிரமம் இல்லாவிட்டால் மனம் தனக்குப் பிடித்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் தேடும். பிடிக்காத இருட்டு மூலைகளைப் பார்த்துவிட்டதாகவே பாவித்துக்கொள்ளும்.

முன்பு எப்போதோ காணாமற்போன ஒரு சுருள்வில்லும், பயணி வண்டியின் கதவுக் கைப்பிடி ஒன்றும் கிடைத்தன. சக்கரம் கிடைக்கவில்லை. காந்தத்தை நாடவும் வழியில்லை. பித்தளையைக் காந்தம் இழுக்காது.

வியாழக்கிழமை

விடியற்காலையிலிருந்து மழை. மின்சாரமும் இல்லை. வேலைக்கு இடமில்லாத பகற்பொழுதில், இன்னொரு சக்கரம் செய்துகொள்வதுதானே என்று வீட்டார் கேட்ட கேள்வியைப் பற்றி நிதானமாக யோசித்தேன். அது நியாயமான கேள்வி. கம்பியும் ஈயமும் கைவசம் இருக்கின்றன.

ஆயினும் அந்தச் சக்கரத்தில் கம்பியையும் ஈயத்தையும் தவிர வேறொன்றும் இருக்கிறது. தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி வண்டிகளை ஓட்டிவந்த காலத்தில், 1898-இல், பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலையும் ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை ஜில்லாவையும் இணைத்துத் திறக்கப்பட்டது அந்தப் பாதை. நீளம் 23 கிலோமீட்டர். திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாகப் பேரளம் போய்ப் பெரிய தடத்தோடு சேர்ந்தது. இரண்டு அரசுகளின் எல்லையைக் கடந்து நெல்லையும் மனிதரையும் சனிபகவானைச் சேவிக்க வரும் யாத்திரிகர்களையும் சுமந்த அந்தப் பாதை, 1954 நவம்பர் முதல் தேதி காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் நெடுங்காலம் நிலைத்து, 1980-களின் பிற்பகுதியில் நின்றுபோயிற்று. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அதே தடத்தில் இப்போது அகலப் பாதை மறுபடியும் இடப்பட்டிருப்பது சந்தோஷத்துக்குரியது; ஆனால் மீட்டர் பாதையின் கார்டு வண்டியில் நின்று பிரேக்குச் சக்கரத்தைச் சுழற்றிய கை எப்படி வளைந்திருக்கும், அந்தச் சக்கரம் கார்டின் மார்புக்கு நேரே இருந்ததா இடுப்புக்கு நேரே இருந்ததா என்பதை இந்தப் புதுப் பாதை நமக்குச் சொல்லாது. பாதுகாத்து நிறுத்தப்பட்டிருக்கும் பழைய மீட்டர் பாதை வண்டிகளின் அருகில் நின்று நாடாவைப் பிடித்து எடுத்த அளவுகளிலிருந்து பிறந்தது அந்தச் சிறு வட்டம். கம்பி மறுபடி கிடைக்கும். அளவும் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் செய்த பொருளைத் தேடாமல் விட்டுவிடும் பழக்கம் கைக்கு ஒருமுறை வந்துவிட்டால், அளவெடுக்கும் சிரத்தையும் கூடவே தேய்ந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெள்ளிக்கிழமை

மழை விட்டிருந்தது. நகைப்பட்டறை வைத்திருந்து இப்போது ஓய்ந்திருக்கும் அடுத்த தெருப் பத்தர் வந்தார். பட்டறைத் தரையைப் பற்றி அவரைவிட அறிந்தவர் யார்? விஷயத்தைச் சொன்னேன்.

"வாசப்படியைப் பார்த்தீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லை பத்தரே, மேசையைச் சுற்றித்தான் பார்த்தேன்."

"தரையிலே தங்குறது பாதி, காலோடே போறது பாதி. ஈரக் காலா இருந்தா கேக்கவே வேண்டாம். எங்க அப்பா பட்டறையை விட்டு யாரும் காலைத் தட்டாம வெளியே போக விடமாட்டாரு. வாசல்லே ஒரு சாக்கு, அதுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு உண்டு."

பின்பு அவர் விரிவாகச் சொல்லியதை இங்கே எழுதி வைக்கிறேன். பொற்கொல்லன் அரம் போடும்போது பறக்கும் பொடி மடித்தோலில் விழும். மடித்தோலுக்குத் தப்பியது தரையில் விழும். தரைக்குத் தப்பியது துடைப்பத்திலும் சாக்கிலும் குமுட்டியின் சாம்பலிலும் போய்த் தங்கும். ஆகையால் பட்டறைக் குப்பையை யாரும் வெளியில் கொட்டுவதில்லை. சேர்த்து வைத்து, அதை விலைபேசி வாங்கிப்போய் அரிப்பவர்களிடம் கொடுப்பார்கள். அவர்கள் மண்ணை மரவையில் இட்டு நீரில் சுழற்ற, லேசான தூசி நீரோடு வழிந்துவிடும். கனமான பொன் அடியில் நின்றுவிடும். நீரைவிட 19 மடங்கு கனமான பொன்னுக்கு அடியில் தங்குவது சுபாவம். கண்ணுக்குத் தெரியாத அணுப்பொடியைப் பாதரசத்தோடு கலந்து பிடித்துக்கொண்டு, பின் பாதரசத்தை நெருப்பில் ஓட்டிவிடும் வழக்கமும் இருந்தது. அந்தப் புகை நரம்பைக் கெடுக்கும் விஷம் என்பதைப் பலர் உடம்பை இழந்தே அறிந்தார்கள். கடல் கடந்த தேசங்களிலும் பொன் வேலை நடக்கும் பட்டறைகளில் தரையைக் கூட்டிய தூசியும் கை கழுவிய நீரும் இன்றளவும் வீணாக விடப்படுவதில்லை.

பத்தர் போனபிறகு துடைப்பத்தையும் வாசற்சாக்கையும் எடுத்துத் தனியே வைத்தேன்.

சனிக்கிழமை

இன்று தரையை மென்மையான வண்ணத் தூரிகையால், மூலைகளிலிருந்து நடுவை நோக்கி, முழுவதும் கூட்டி எடுத்தேன். வாசற்சாக்கைப் பழைய வேட்டியின்மேல் உதறினேன். பூந்துடைப்பத்தையும் அதே வேட்டியின்மேல் தட்டினேன். மெல்லிய பூக்கதிர்களுக்கு நடுவில் சிறு பொருள்கள் சிக்கிக்கொண்டு மாதக்கணக்கில் உலவும். சேர்ந்த குப்பை இரண்டு கைப்பிடி தேறியது.

பத்தர் சொன்ன மரவைக்குப் பதிலாகச் சமையலறையின் அரிக்கஞ்சட்டி உதவிற்று. உட்புறம் வரிவரியாகக் கீறல் உள்ள அந்தச் சட்டி, அரிசியை நீரோடு சரித்துவிட்டுக் கல்லை வரிகளில் தங்கவைப்பதற்கென்றே ஏற்பட்டது. குப்பையை அதில் இட்டு, நீர் ஊற்றி, ஒரு சொட்டு சோப்புக் கரைசலையும் சேர்த்தேன். சோப்பு இல்லாவிட்டால் நீரின் மேற்பரப்பு நுண்பொருள்களைத் தாங்கி நிறுத்திவிடும். மரத்தூளும் மயிரும் நூலும் மிதந்தன. அவற்றை முதலில் வேறு பாத்திரத்தில் வழித்தேன். பிறகு சட்டியை மெல்லச் சாய்த்துச் சாய்த்துச் சுழற்ற, நீரைவிட இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமான கனமுள்ள மணல் வரிகளைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருக்க, எட்டு மடங்குக்கு மேற்பட்ட கனமுள்ள பித்தளைத் துணுக்குகள் பின்தங்கின. கம்பியின் நறுக்குகள், ஒரு ஆணி, ஈயத்துளிகள். அவற்றுக்கு நடுவில், மூன்றாவது வரியில் படுத்தபடி, நான்கு ஆரங்களும் சிதையாமல், பிரேக்குச் சக்கரம் இருந்தது. சாக்கிலிருந்து வந்ததா துடைப்பத்திலிருந்து வந்ததா என்று சொல்ல இயலாது. உளம் நிறைந்தது.

பிளாஸ்டிக் உறுப்புகளுக்கு இந்த வழி பொருந்தாது. மாதிரிப் பெட்டிகளில் வரும் பாலிஸ்டைரீன் உறுப்பு நீரைவிடச் சற்றே கனமானது, 1.05 மடங்கு. வெறும் நீரில் அது மணலோடு சேர்ந்து அடியில் போய்விடுகிறது. எனவே வழிந்த மணலை எடுத்து, சமையல் உப்பைக் கரையுமட்டும் கரைத்த நீரில் இட்டேன். நிறைய உப்புக் கரைந்த நீரின் கனம் 1.2 மடங்குவரை ஏறும். மணல் அடியிலேயே கிடக்க, பிளாஸ்டிக் மேலே எழுந்தது. விளக்குத் தாங்கி ஒன்றும், கூரைக் காற்றோட்டக் குமிழ்கள் சிலவும் மிதந்து வந்தன. நல்ல நீரில் கழுவி உலர்த்தியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

தங்கை மகன் வந்திருந்தான். "மாமா, இனிமே விழாம இருக்க என்ன செய்யறது?" என்று கேட்டான். தேடுவதற்கு முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.

விழாமல் தடுப்பது ஆகாத காரியம். விழும் இடத்தை நாம் நிர்ணயிப்பது ஆகும் காரியம். மேசை விளிம்பில் உயர்ந்த சட்டம் அடித்து, மேசைக்கும் மடிக்கும் நடுவில் பொற்கொல்லனின் மடித்தோலைப்போல் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினோம். தெறிக்கக்கூடிய சுருள்வில்லைக் கையாளும்போது வேலையைத் தெளிந்த பிளாஸ்டிக் பைக்குள்ளேயே நடத்துவதென்றும், நறுக்கும் உறுப்பின் முனையில் ஒட்டுநாடாவின் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டே நறுக்குவதென்றும், வட்டமான உறுப்பின் ஆரத்தினூடே ஒரு நூலைக் கோத்துவிட்டுச் சாமணத்தைத் தொடுவதென்றும் நியமம் செய்துகொண்டோம்.

பெரிய உலகத்திலும் இந்த நியமம் உயிர்காக்கும் நியமமாக இருப்பதை அவனுக்குச் சொன்னேன். 2000-ஆம் ஆண்டு ஜூலை 25-இல் பாரிஸ் நகரில் புறப்பட்ட கன்கார்டு விமானத்தின் சக்கரம், அதற்குச் சற்று முன் வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்திருந்த 43 சென்டிமீட்டர் நீள உலோகத் தகட்டின்மேல் ஏறிற்று. சக்கரத்தின் டயர் வெடித்தது, அதன் துண்டு எண்ணெய்த் தொட்டியைத் தாக்கியது, விமானத்திலிருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் மாண்டார்கள். விமானத் தளங்களில் ஆட்கள் வரிசையாக நடந்து தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே போகும் வழக்கம், விழுந்த சிறு பொருளுக்கும் பொறுப்பாளி உண்டு என்ற தர்மத்தின் அனுஷ்டானமே ஆகும்.

திங்கட்கிழமை

சக்கரம் தண்டில் ஏறிவிட்டது. கார்டு வண்டி முடிந்தது.

இவ்வேலையில் எனக்கு உறுதிப்பட்ட கருத்தை எழுதி முடிக்கிறேன். பட்டறைத் தரையும் மேசையின் பகுதியே. அங்கே விழுந்தது இன்னும் நம் பொறுப்பிலேயே இருக்கிறது. ஓர் ஊருக்கும் இது பொருந்தும். நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வேப் பட்டறை 1920-களில் பொன்மலைக்குப் பெயர்ந்தது. நம் மீட்டர் பாதை பிறகு பெயர்ந்தது. இரண்டும் போனபோது உதிர்ந்த துணுக்குகள், ஒரு கைவிளக்கு, ஒரு பித்தளை வில்லை, அட்டைச் சீட்டு, ஸ்டேஷனில் நின்று எடுத்த மங்கிய படம் என்று, காரைக்கால் வட்டாரத்து வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் இன்னும் கிடக்கக்கூடும். வைத்திருப்பவர்களுக்கு அவை சில்லறைச் சாமான்கள். பழைய இரும்புக் கடைக்காரருக்கு எடை. அளவெடுப்பவனுக்கோ, ஒரு விளக்கின் விட்டம் கிடைத்தால் அது தொங்கிய கொக்கியின் உயரம் கிடைக்கும். கொக்கியின் உயரம் கிடைத்தால் வண்டியின் கதவு கிடைக்கும். ஆகவே அவற்றைக் கழிக்குமுன் ஒருமுறை அளந்து, படமெடுத்து, எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதி வைக்குமாறு என் ஊராரைக் கேட்டுக்கொள்ளப் போகிறேன். நாளை முதல், அறிந்த வீடுகளுக்கு நானே அளவுகோலோடு போவதாக உத்தேசம்.