ஒரு கையொப்பத்தின் பாரம்



சமவெளியிலுள்ள ஒரு மதரசாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் நான். என் வீடோ கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் இருக்கிறது. மிளகும் பலாவும் கொள்முதல் செய்ய மலையேறி வந்த என் தந்தையார், மலையின் குளிர்ச்சியில் மனம் ஒன்றி அங்கேயே குடியேறிவிட்டார். வியாழக்கிழமை பிற்பகல் பாடம் முடிந்ததும் புறப்பட்டு, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வீடு சேர்வதும், சனிக்கிழமை அதிகாலையில் இறங்கி வருவதும் பல ஆண்டுகளாக என் வழக்கம்.

2024 ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு வியாழன் மாலை, என் இளைய மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மலையேறிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் கண நேரம் கண் அயர்ந்துவிட்டேன். வண்டி தடுப்புச் சுவரில் உரசி நின்றது. அந்தச் சுவருக்கு அப்பால் என்ன இருந்தது என்பதை மலைப்பாதையில் சென்றவர்கள் அறிவார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். அன்று முதல் பேருந்தில்தான் செல்கிறேன்.

வகுப்பறையிலும் இதே நிலைதான். ஒரு சிறுவன் பாடம் ஒப்புவித்துக்கொண்டிருக்கும்போதே உறங்கிவிடுவேன். விழித்துப் பார்த்தால், உஸ்தாதை எழுப்புவது மரியாதையன்று எனக் கருதி, அவன் விரலை அதே வரியில் வைத்தபடி காத்திருப்பான். அந்தப் பிள்ளையின் பொறுமையைக் கண்டு நான் நாணிய நாட்கள் பல.

மருத்துவரிடம் சென்றேன். உயரம் 165 செ.மீ., எடை 104 கிலோ. பி.எம்.ஐ. என்று மருத்துவர்கள் குறிக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் 38. இன்சுலின் போட்டும் அடங்காத சர்க்கரை. ஓரிரவு முழுதும் கருவிகளைப் பொருத்தி உறக்கத்தைப் பரிசோதித்தார்கள். மணிக்கு 42 முறை என் மூச்சு நின்றோ குறைந்தோ போவதாகத் தெரிந்தது. 30 முறையும் அதற்கு மேலும் என்றால் கடுமையான நோயென்பது மருத்துவக் கணக்கு. இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றி, அதை ஒரு குழாய்போல் ஆக்கும் அறுவைச் சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்தார்.

வாசகர்களே, இந்தச் செய்தி ஊரில் பரவியதும் எழுந்த பேச்சுகளை நீங்களே ஊகிக்கலாம். "உணவில் நடுநிலை வேண்டும் என்று பயான் செய்யும் ஹஸ்ரத்துக்கே வயிற்றை வெட்ட வேண்டியதாயிற்றா?" என்றார் ஒருவர். மலையிலுள்ள என் அண்டை வீட்டுப் பெரியவரோ, "பாய், தீனியக் கொறச்சா ஒடம்பு தானா கொறயும், இதுக்கு எதுக்குக் கத்தி?" என்று உரிமையோடு கேட்டார். சாமை விதைத்து, மேடும் பள்ளமும் நடந்தே வாழ்ந்த மலையாளி இனப் பெரியவர் அவர். அவருடைய உடலுக்கு அவர் கூற்று முற்றிலும் உண்மை. ஆனால் எடை குறையக் குறைய உடல் அதை எதிர்த்து நிற்கிறது என்பதையும், பசியைத் தூண்டும் சுரப்பு அப்போது அதிகரிக்கிறது என்பதையும் மருத்துவர் விளக்கிய பின்னரே, பருமன் என்பது பெருந்தீனி ஒன்றினால் மட்டும் வருவதன்று என்பது எனக்கே விளங்கிற்று.

உடற்பருமன் புதிய நோயுமன்று. பத்தாம் நூற்றாண்டில் லெயோன் நாட்டு மன்னர் முதலாம் சான்சோ, மிகுந்த பருமன் காரணமாக 958 இல் அரியணையை இழந்தார். அவருடைய பாட்டியார் தோதா அரசியார் அவரைக் குர்துபாவுக்கு அழைத்துச் சென்றார். கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் அவையிலிருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் சிகிச்சையளித்தார். உடல் மெலிந்த மன்னர் அரியணையையும் மீட்டார். அதற்கு விலையாகப் பத்துக் கோட்டைகளைத் தருவதாக ஒப்பந்தம் செய்யப்பட்டது என்பர். மன்னரிடம் கோட்டைகள் இருந்தன. என்னிடம் இருந்ததோ 2016 இல் எடுத்த ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி மட்டுமே. (காப்பீடு பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.)

முன்னர்ப் பல பாலிசிகள் உடற்பருமன் சிகிச்சையை அடியோடு விலக்கி வைத்திருந்தன. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019 இல் இதற்கென ஒரே மாதிரியான வாசகத்தை வகுத்தது. அதன்படி மருத்துவரின் ஆலோசனை இருக்க வேண்டும். சிகிச்சை மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால், எளிய வழிகள் பயன் தராத நிலையில், பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய இரத்தக் குழாய் நோய், கடுமையான உறக்க மூச்சுத் தடை, கட்டுக்கடங்காத இரண்டாம் வகைச் சர்க்கரை ஆகியவற்றுள் ஒன்றேனும் இருக்க வேண்டும். இவற்றை நிறைவு செய்யாத சிகிச்சைக்குப் பணம் கிடையாது. சில பாலிசிகளில் இதற்கெனத் தனிக் காத்திருப்புக் காலமும் தொகை வரம்பும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 40, 35 என்ற இந்த எல்லைகள் 1991 இல் அமெரிக்க வல்லுநர் குழு வகுத்தவை. நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால், 2022 இல் இத்துறையின் இரு பெரும் மருத்துவச் சங்கங்கள் எல்லையைத் தளர்த்தி, ஆசியருக்கு 27.5 க்கு மேலேயே இச்சிகிச்சையைக் கருதலாம் என்றன. ஆகவே மருத்துவர் "தேவை" என்று கூறுவது வேறு. பாலிசி "தருவோம்" என்று கூறுவது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறாதீர்கள்.

"எளிய வழிகள் பயன் தரவில்லை" என்பதற்கு வாய்ச்சொல் போதாது, எழுத்து வேண்டும். ஆறு மாதக் குறிப்புகளைத் திரட்டும்படி மருத்துவர் அறிவுறுத்தினார். ஆகவே ஒவ்வொரு வெள்ளியன்றும் தேவனூர் நாட்டில் காலை நடையும் சாமைச் சோறுமாகக் கழித்தேன். மரவள்ளிக் கிழங்கும் ரேஷன் அரிசியும் சாமை விளைந்த நிலத்தையும் அது இருந்த தட்டையும் பெருமளவு பிடித்துக்கொண்ட காலம் இது. பெரியவர்தான் தம் வீட்டுக்கென விளைவித்ததில் பங்கு தந்தார். மாதந்தோறும் அரசு சுகாதார நிலையத்தில் எடை பார்த்து, அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டேன். எடை 104 இலிருந்து 101 வரை இறங்கியது. பிறகு 103 க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. ஏறிய அன்று மனம் சோர்ந்தேன். அந்தத் தோல்விதான் பின்னர் எனக்குச் சான்றாகப் போகிறது என்பதை அப்போது உணரவில்லை.

இதய மருத்துவர், உணவியலாளர், மனநல ஆலோசகர் எனப் பலரிடமும் ஒப்புதல் பெற்று, 2025 இல் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதிக்காக அமர்ந்தேன். அங்கிருந்த ஊழியர் என் பாலிசியையும் மருத்துவக் குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கூறினார்: "2016 படிவத்தில் சர்க்கரை இல்லை என்று இருக்கிறது. குறிப்பிலோ பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை என்று இருக்கிறது. எட்டு ஆண்டு என்று மாற்றி எழுதி வாங்கி வாருங்கள், சிக்கல் தீர்ந்துவிடும்."

என் இதயம் ஒரு கணம் நின்றுவிட்டது போலிருந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பது 2015 இலேயே தெரியும். பாலிசி எடுத்த அன்று முகவரிடம் மாத்திரை உண்பதை நான் கூறியதும் உண்மை. ஆனால் அவர் நிரப்பிய படிவத்தை நான் படிக்கவில்லை. காட்டிய இடத்தில் கையொப்பமிட்டேன். ஒரு ஜபர், ஒரு ஜேர் பிசகினாலும் பிள்ளையைத் திரும்ப ஓத வைக்கும் நான், என் பெயரால் எழுதப்பட்டதைப் படிக்காமலே ஒப்புக்கொண்டேன்! பழியை முகவர்மீது சுமத்தி நான் நழுவ முடியாது, கை என்னுடையது.

அன்றிரவு நீண்ட நேரம் விழித்திருந்தேன். மகளின் முகமும் அந்தத் தடுப்புச் சுவரும் கண்முன் வந்து நின்றன. "இரண்டே ஆண்டுதானே, யாருக்கு நஷ்டம்?" என்று நஃப்ஸ் வாதிட்டது. விடிந்ததும் மனைவியிடம் கூறினேன். "முதல் தடவை படிக்காமல் போட்டீர்கள், இந்தத் தடவை படித்துவிட்டே பொய்யில் போடப் போகிறீர்களா?" என்றாள் அவள். அதன் பிறகு எனக்கு வழி தெளிவாகிவிட்டது. பத்து ஆண்டு என்பதை அப்படியே அனுப்பினேன்.

எதிர்பார்த்தபடியே நோயை மறைத்ததாகக் கூறி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆனால் சட்டத்தில் ஒரு வாசல் இருந்தது. ஒரு பாலிசி இடையறாது குறிப்பிட்ட காலம் புதுப்பிக்கப்பட்டுவிட்டால், நோயைத் தெரிவிக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் பணத்தை மறுக்க இயலாது. முன்பு 8 ஆண்டாக இருந்த இக்காலத்தை ஆணையம் 2024 இல் 60 மாதங்களாகக் குறைத்தது. என் பாலிசி ஒன்பது ஆண்டுகளாக ஒரு முறையும் தவறாமல் புதுப்பிக்கப்பட்டது. இடையில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் அந்நாளிலிருந்து கணக்கிடுவார்கள். இவ்விதிக்கு ஒரே விலக்கு, நிரூபிக்கப்பட்ட மோசடி. இப்போது சிந்தியுங்கள்: அந்த ஊழியர் கூறியபடி ஆண்டை மாற்றி எழுதியிருந்தால், எனக்குத் திறந்திருந்த ஒரே வாசலை என் கையாலேயே அடைத்திருப்பேன் அன்றோ!

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை மறைக்காமல், என் தவற்றையும் ஒப்புக்கொண்டு, விதியைச் சுட்டிக்காட்டினேன். 12 ஆம் நாள் பதில் வந்தது: மறு ஆய்வு செய்கிறோம், எளிய வழிகள் பயன் தராததற்குச் சான்று அனுப்புக. சுகாதார நிலையத்தின் அந்த எடை அட்டையை அனுப்பினேன். அனுமதி கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

உங்களில் எவருக்கேனும் இத்தகைய மறுப்பு வந்தால் துவண்டுவிடாதீர்கள். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடமே முறையிடுங்கள். ஒரு மாதத்துள் பதில் இல்லையெனில், அல்லது வந்த பதில் மனநிறைவு தரவில்லையெனில், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். தமிழகத்தாருக்கு அந்த அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

இன்னொன்றையும் மறவாதீர்கள். காப்பீட்டு அனுமதி என்பது பணத்திற்கான அனுமதியே அன்றிப் பாதுகாப்புக்கான உறுதிமொழி அன்று. 2024 இல் எடைக்குறைப்புச் சிகிச்சைக்காகச் சென்னைப் பகுதித் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்த ஓர் இளைஞர் உயிரிழந்து, அரசு விசாரணை நடந்ததை நாடறியும். மருத்துவரின் அனுபவம், தீவிரச் சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றைக் கேட்டறிவது நம் கடமை. சிகிச்சைக்குப் பின்னும் வாழ்நாள் முழுதும் வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும் பரிசோதனைகளும் தொடர வேண்டும். கவனமின்றி உண்டால் இழந்த எடை திரும்பிவிடும். ரமளான் நோன்பைக்கூட மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்கினேன். நோன்புக் கஞ்சி இப்போது எனக்குச் சிறு கோப்பையில் பாதிதான்.

இன்று என் எடை 82 கிலோ. பாடம் ஒப்புவிக்கும் பிள்ளைகள் என் விழிப்புக்காகக் காத்திருப்பதில்லை. பெரியவரும் பார்த்துவிட்டு, "சாமைதான் பாய், வேலை செஞ்சிருக்கு" என்கிறார். நான் மறுப்பதில்லை, அந்தச் சாமைக்கும் இதில் பங்குண்டு.

ஆயினும் சட்டம் எனக்குக் காட்டிய சலுகை என் தகுதியால் வந்ததென நான் எண்ணவில்லை. சென்ற மாதம் பாலிசியைப் புதுப்பிக்கும் தாள்கள் வந்தன. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. "அத்தா, பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்று மகள் கேட்டாள். "ஆமாம்மா" என்று கூறிவிட்டுக் கையொப்பமிட்டேன்.

வஸ்ஸலாம்.