வந்துபோனவர்கள் கட்டிய ஊர்

பொலோன்யா ரயில் நிலையத்தின் முகப்பில் ஒரு கடிகாரம் எந்நேரமும் 10.25 காட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு செமஸ்டர் படிப்பதற்காகப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து இறங்கும் வெளிநாட்டு மாணவர், முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுக் கைபேசியில் மணி பார்ப்பார். ரிப்பேர் பார்க்கக்கூட ஆளில்லையா இந்த நாட்டில் என்று நினைப்பார். யாராவது விஷயத்தைச் சொல்லும்வரை அப்படித்தான். 1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, கோடை விடுமுறைக்குக் கிளம்பிய கூட்டம் நிரம்பி வழிந்த காலை. இரண்டாம் வகுப்புப் பயணிகளின் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயம்பட்டார்கள். அந்த நேரத்தைத்தான் நினைவாக முட்கள் காட்டி நிற்கின்றன.

வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் முடித்துத் திரும்பியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் வருவது படித்த பாடங்கள் அல்ல, போய்வந்த ஊர்களின் பட்டியல். அந்தப் பட்டியல் நீளவேண்டுமானால் இத்தாலியில் பொலோன்யாவைவிட வசதியான ஊர் கிடையாது. வடக்கையும் தெற்கையும் சேர்க்கும் பெரிய ரயில் சந்திப்பு இது. அதிவேக வண்டியில் புளோரன்ஸ் 40 நிமிடத்துக்குள், மிலான் ஏறக்குறைய ஒரு மணி நேரம், வெனிஸ் ஒன்றரை மணி நேரம். கையில் காசு குறைவென்றால் ஊர் ஊராக நின்று போகும் வட்டார ரயிலில் மோதெனா, ஃபெராரா, ரவென்னா. அதில் மட்டும் ஒரு கண்ணி உண்டு. காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்த மறந்து அபராதம் கட்டிய கதை அநேகமாக எல்லா மாணவர் குழுவிலும் ஒன்றிருக்கும்.

இப்படி ஊர் சுற்றுவதால் நேரும் நஷ்டம், வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிறவர்களுக்குப் பொலோன்யா துணி துவைக்கும் இடமாக மிஞ்சிவிடுவது. பரிதாபம்தான். ஏனென்றால் அவர்களைப் போலப் படிக்க வந்து திரும்பிப் போனவர்களால் உருவான ஊர் இது.

பல்கலைக்கழகம் தொடங்கிய ஆண்டு 1088 என்பார்கள். பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு தேதி போட்டுக் கொடுப்பாரே, ஏறக்குறைய அப்படி வந்த ஆண்டு. 1888-ல் எண்ணூறாவது ஆண்டு விழா எடுப்பதற்காக, கவிஞர் ஜொசுவே கார்துச்சி தலைமையிலான குழு நிர்ணயித்தது. ஆண்டு எதுவானாலும், ரோமானியச் சட்டம் படிக்க ஆல்ப்ஸ் மலை தாண்டி இங்கே மாணவர்கள் வந்தது உண்மை. வந்த இடத்தில் அவர்களுக்கு ஒரு விநோதமான ஆபத்து இருந்தது. ஜெர்மன்காரன் ஒருவன் கடன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால், கையில் கிடைத்த இன்னொரு ஜெர்மன்காரனைப் பிடித்து வசூலிப்பது அன்றைய வழக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவில் பேரரசர் பிரெட்ரிக் பார்பரோசா பிறப்பித்த 'ஹபீதா' சாசனம் அதைத் தடுத்தது. படிப்புக்காக ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்குப் பாதுகாப்புத் தந்த சாசனம்; இன்றைய மாணவர் விசாவுக்கு முப்பாட்டன் என்று சொன்னால் தவறில்லை.

தங்களைக் காத்துக்கொள்ள மாணவர்கள் நாடுவாரியாகச் சங்கம் கட்டினார்கள். அந்தச் சங்கங்களின் கூட்டுக்குப் பெயர்தான் 'யூனிவெர்சிதாஸ்'. அதன் தலைவரான ரெக்டரும் மாணவரே. சட்டப் பேராசிரியர் ஒருநாள் விடுப்பு எடுக்க மாணவர்களிடம் அனுமதி கேட்கவேண்டும். வகுப்புக்கு ஐந்து பேர்கூட வரவில்லையென்றால், அவரே வராததாகக் கணக்கிட்டு அபராதம் போட்டார்கள். வருகைப் பதிவுக்கு அஞ்சும் இன்றைய மாணவர் பெருமூச்சு விடக்கூடிய விதி.

வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டுமே. ஊரின் முகத்தையே மாற்றியது இந்தக் கேள்விதான். வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். நீட்டிய பாகம் சாயாமலிருக்கக் கீழே மரத்தூண்கள் கொடுத்தார்கள். தூண்களுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தாழ்வாரம் கிடைத்தது. மற்ற ஊர்களில் இம்மாதிரி ஆக்கிரமிப்பை இடித்துத் தள்ளினார்கள். பொலோன்யாவோ 1288-ல் அதைச் சட்டமாக்கியது: புது வீடு கட்டினால் தாழ்வாரம் கட்டாயம், இல்லாத பழைய வீடும் சேர்த்துக்கொள்ள வேண்டும், குதிரைமேல் வருகிறவர் தலை இடிக்காமல் போகும் உயரம், அதாவது சுமார் 2.66 மீட்டர் இருக்கவேண்டும். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. பின்னாளில் மரம் போய்ச் செங்கல்லும் கல்லும் வந்தன. ஆனாலும் ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் உள்ள இசொலானி வீட்டில் பதின்மூன்றாம் நூற்றாண்டு மரத்தூண்கள் இன்னும் நெட்டையாக நிற்கின்றன. போர்ட்டிகோ எனப்படும் இந்தத் தாழ்வாரம் நகரம் முழுக்க 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. நவம்பர் மழையில் குடை எடுக்க மறந்தாலும் வகுப்புக்கு நனையாமல் போய்ச் சேரலாம். வேறு ஊருக்குப் போனபின் முதல் மழையில்தான் இதன் அருமை தெரியும்.

இந்தப் போர்ட்டிகோக்களில் மிக நீளமானது, மலைமேல் இருக்கும் சான் லூக்கா மாதா கோயிலுக்கு ஏறுகிறது. 1674-ல் தொடங்கியது, 666 வளைவுகள், ஏறக்குறைய 3.8 கிலோமீட்டர்.

வந்துபோனவர்கள் சுவரிலும் தங்கிவிட்டிருக்கிறார்கள். 1563-ல் கட்டி முடித்த ஆர்க்கிஜின்னாசியோ, 1803 வரை பல்கலைக்கழகத்தின் கட்டடம். இப்போது நகர நூலகம். அதன் சுவர், கூரை, மாடிப்படி எங்கும் சுமார் 6,000 குலச் சின்னங்கள். மாணவர் சங்கப் பொறுப்பில் இருந்தவர்கள் தம் பெயரும் சொந்த ஊரும் போட்டு வைத்துவிட்டுப் போனவை. கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது நினைவுக்கு வரும். இங்கே வண்ணம் கூடுதல், அவ்வளவுதான்.

இந்தக் கட்டடம் எழுமுன்பே வந்துபோன ஒருவர் கோப்பர்னிக்கஸ். 1496-ல் சட்டம் படிக்க வந்து ஜெர்மானியர் சங்கத்தில் பெயர் பதிந்தார். சட்டப் புத்தகத்தைவிட வானியல் ஆசிரியர் தொமேனிக்கோ மரியா நொவாராவின் சகவாசம் அவருக்குப் பிடித்துப்போனது. 1497 மார்ச் 9 இரவு, ரோகிணி நட்சத்திரத்தை நிலா மறைப்பதைக் கவனித்துக் குறித்துவைத்தார். பட்டம் மட்டும் இங்கே வாங்கவில்லை. 1503-ல் பக்கத்து ஊரான ஃபெராராவில் வாங்கிக்கொண்டார். இன்று ஐரோப்பிய மாணவர்கள் எந்தப் பரிமாற்றத் திட்டத்தின் பெயரில் இங்கே வருகிறார்களோ, அதற்குப் பெயர் தந்த அறிஞர் எராஸ்மஸும் 1506 கடைசியில் வந்து ஓராண்டுபோல இருந்தார். அவருடைய துறவு உடையின் வெள்ளைத் துணியைப் பார்த்து, பிளேக் வைத்தியர் என்று ஜனங்கள் தவறாக நினைத்து மிரட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

எராஸ்மஸ் திட்டத்துக்கு விதை ஓர் அவமானம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1958-ல் திரும்பிய சோஃபியா கொர்ராதி என்ற இத்தாலிய மாணவி, அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி ரோமில் கேட்டார். முடியாதென்று விரட்டாத குறையாக அனுப்பினார்கள். அவர் விடவில்லை. 1987-ல் திட்டம் தொடங்கியபோது 11 நாடுகள், 3,244 மாணவர்கள். கொர்ராதிக்கு 'மம்மா எராஸ்மஸ்' என்றே பெயர் நின்றுவிட்டது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு பெயர் நெருக்கமாக இருக்கும். இயேசு சபைத் துறவியாகக் கான்ஸ்தாந்சோ பெஸ்கி பயிற்சி பெற்ற ஊர்கள் ரவென்னாவும் பொலோன்யாவும். இங்கிருந்து மதுரை மிஷனுக்குப் போக அனுமதி கேட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை. தேம்பாவணியும் சதுரகராதியும் எழுதிய வீரமாமுனிவர் அவர்தான். அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே வட்டார ரயிலில் ஞாயிற்றுக்கிழமை போய்வருகிற மாணவர்களுக்கு இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

படிப்பு என்று வந்தால், வெளியூர் மாணவரைக் கலங்கவைப்பது வாய்மொழித் தேர்வு. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து, முறைக்குக் காத்திருக்கும் மற்றவர்கள் காதுபட பதில் சொல்லவேண்டும். மதிப்பெண் முப்பதுக்கு. குறைவென்று தோன்றினால் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு அடுத்த முறை வரலாம். இந்தச் சலுகையை நம்பவே சிலருக்குப் பல வாரம் ஆகும். சாப்பாட்டில் முதல் பாடம், உலகம் முழுக்க இந்த ஊர்ப் பெயரில் விற்கும் ஸ்பகெட்டி போலொனேஸ் இங்கே கிடையாது என்பது. இறைச்சிக் குழம்புக்கு ஜோடி தலியாதெல்லே என்ற பட்டை நாடா. வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972-ல் தங்கத்தில் செய்து வர்த்தக சபையில் வைத்திருக்கிறார்கள். பர்ஸ் மெலிந்த மாதக் கடைசியில் 1465-லிருந்து நடக்கும் 'ஒஸ்தெரியா தெல் சோலே' என்ற மதுக்கடை கைகொடுக்கும். அங்கே குடிக்க மட்டும்தான் விற்பார்கள். ரொட்டியும் மொர்ததெல்லா இறைச்சியும் வெளியே வாங்கிக்கொண்டு போய் உட்காரலாம்.

97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்தில் 498 படிகள். பட்டம் வாங்குமுன் ஏறினால் படிப்பு முடியாதென்பது மாணவர் நம்பிக்கை. ஒரு செமஸ்டர் மட்டும் இருந்தவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் ஏறி, செக்கச்செவேலென்ற ஓட்டுக்கூரைகளைப் படமெடுத்துத் திரும்புவது வழக்கமாக இருந்தது. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெண்டா கோபுரத்தின் நிலை கவலைக்கிடமானதால் 2023 அக்டோபரில் சுற்றுவட்டாரத்துக்கு வேலி போட்டார்கள். அதோடு அசினெல்லியும் அடைபட்டது.

ஏறத்தாழ 4 லட்சம் பேர் வாழும் ஊரில் மாணவர்கள் மட்டும் பல்லாயிரம் பேர். 1288-ல் இருந்த தங்குமிடப் பிரச்சினை தீரவில்லை. சம்போனி தெருவின் போர்ட்டிகோத் தூண்களில், அடிப்பக்கத்தைச் சீப்புப் பல்போல நறுக்கித் தொலைபேசி எண் எழுதிய 'அறை வாடகைக்கு' காகிதங்கள் தொங்குகின்றன. செப்டம்பரில் வந்தவர் அதில் ஒரு துண்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொள்கிறார். பிப்ரவரியில், தேர்வு முடிந்த மறுநாள், அதே தூணில் தன் அறைக்கான காகிதத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறார்.