நாற்பது அடிக்கு ஒரு அடி

மேற்கு மாம்பலத்தில் வீடுகள் எதிரும் புதிருமாக நெருங்கி நிற்கும் தெரு அது. மாடி வராந்தாவில் நின்றால் எதிர்வீட்டுப் பக்கவாட்டுச் சந்து முழுசாகத் தெரியும். மூன்றடிச் சந்து. போன வருஷம்தான் அதற்கு டைல்ஸ் ஒட்டினார்கள். இப்போது அந்த டைல்ஸ் மேல் மேஸ்திரி குத்தவைத்துக்கொண்டு, கடப்பாரை முனையால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக் கழிவுநீர்க் குழாயின் நடுச் சேம்பர் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

"துளசி மாடத்துக்கு நேராங்க" என்கிறார் வீட்டுக்காரர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருக்கும்போதும் சட்டைப்பையில் பேனா.

"மாடத்தைத்தான் அந்தப் பக்கம் மாத்தி வச்சோமே" என்று ஜன்னலுக்குள்ளிருந்து மனைவியின் குரல்.

மூன்று இடத்தில் உடைத்த பிறகு மூடி அகப்பட்டது. உடைந்த டைல்ஸ் சில்லுகளை வீட்டுக்காரர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினார். இனி ஒட்டவே முடியாத சில்லுகள்.

மேஸ்திரி வந்ததும் முதலில் செய்தது வேறு. வீட்டுக்குள் நுழையாமல் தெரு நடுவில் இருக்கும் மேன்ஹோலைப் போய்ப் பார்த்தார். மூடியோரம் கசிவில்லை, ததும்பலும் இல்லை. "ரோட்டுல ஓட்டம் நல்லாத்தான் இருக்கு சார். அடைப்பு உங்க வூட்டுலதான்." இதைப் பார்க்காமல் தோண்டி, புதுக் குழாய் போட்டு, மறுநாளே குளியலறையில் தண்ணீர் எதுக்களித்த வீடுகள் இந்தப் பேட்டையில் உண்டு. சென்னையின் கழிவுநீர்த் திட்டம் 1910-ல் வரையப்பட்டது. 1961-ல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்பது அன்றைய கணக்கு. பிற்பாடு எத்தனையோ சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்றாலும், தெருக் குழாய் நிறைந்து நின்றால் வீட்டுக் குழாய் எவ்வளவு புதிதானாலும் பிரயோசனமில்லை. அந்த அடைப்பை எடுக்க வேண்டியது குடிநீர் வாரியம். 1916-க்கு ஒரு போன் செய்தால் போதும்.

தோண்டத் தோண்ட சந்தின் வயது தெரிகிறது. மேலே டைல்ஸ், கீழே சிமென்ட், அதற்கும் கீழே இன்னொரு சிமென்ட், செங்கல் ஜல்லி, பிறகுதான் மண். தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனார்கள். சாலை ஏறியது. மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க வீட்டுக்காரர் சந்தை ஏற்றினார். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டுமென்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். ஆனால் அதற்குள் ஏறியது ஏறியதுதான். ஒரு காலத்தில் இரண்டடிக்குள் இருந்த குழாய் இன்று நான்கடியில் கிடக்கிறது. இதில் கூலி கூடும் விதம் பார்க்கிறவனுக்கு நன்றாகவே புரிகிறது. இடுப்பளவு வரை ஓர் ஆள் வெட்டி அவரே வெளியே எறிந்துவிடுகிறார். மார்பளவு போனதும் வெட்ட ஒருவர், பாண்டு சட்டியை வாங்கிக் கொட்ட ஒருவர். பக்கத்து மண் சரியாமலிருக்கப் பலகை வேறு. "மூணடி வரைக்கும் ஒரு ரேட்டு சார், அதுக்குக் கீழ ஒரு ரேட்டு" என்று மேஸ்திரி சொன்னபோது வீட்டுக்காரர் முகம் சுளித்தார். பள்ளத்தில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பழைய குழாய் வெளியே வந்தது. ஸ்டோன்வேர், பழுப்பு மெருகு இன்னும் மங்கவில்லை. குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, இணைப்புகள்தான் போயிருக்கின்றன. இந்தக் குழாய் இரண்டிரண்டு அடித் துண்டுகளாக வரும். நாற்பது அடிக்கு ஏறக்குறைய இருபது இணைப்பு. சணலும் சிமென்ட்டும் வைத்து அடைத்த அந்த இருபது வாயில் ஒன்று விட்டாலும் போதும், ஈரம் தேடி வேர் நுழைந்துவிடும். கேட்டுக்கு வெளியே நிற்கும் புங்கமரத்தின் வேர் உள்ளே போய்ச் சடையாகத் திரண்டிருந்தது. மேஸ்திரி அதை உருவி, கேட்டருகே போட்டார். தெருவில் போன ஒரு பையன் நின்று பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

காசுப் பேச்சு முந்தின நாளே முடிந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது. ஒருவர் 60,000 சொல்லியிருந்தார், இந்த மேஸ்திரி 95,000. வீட்டுக்காரர் 60,000 பக்கம் சாய்ந்திருந்தார். அம்மாள்தான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். 60,000 தாளில் குழாய், தோண்டுகூலி, அவ்வளவுதான். சேம்பர் கட்டுவது, இடிசல் அள்ளுவது, கேட்டுக்கு வெளியே மேன்ஹோல் வரைக்குமான வேலை எதுவும் இல்லை. 95,000 தாளில் அவையெல்லாம் உள்ளே. டைல்ஸும் மாநகராட்சிக்குக் கட்ட வேண்டிய சாலை வெட்டுக் கட்டணமும் மட்டும் 'தனி' என்று எழுதியிருந்தது.

"ஏங்க, இவர் கம்மியா சொல்லல. பாதியத்தான் சொல்லியிருக்கார்."

அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் இன்று காலை இன்னொரு யோசனையோடு வந்தார். கேட்டு வரைக்கும் மாற்றினால் போதாதா? ரோட்டுப் பக்கம் அப்புறம் பார்க்கலாமே? மேஸ்திரி பதில் சொல்லவில்லை. கேட்டருகே கிடந்த வேர்ச்சடையைக் காலால் ஒருமுறை புரட்டிக் காட்டினார். ரோட்டுப் பக்கத்தை அப்புறம் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாலையை வெட்டக் குடிநீர் வாரியம், மாநகராட்சி இரண்டின் அனுமதியும் வேண்டும். தாரா, சிமென்ட்டா, கல் பதித்ததா என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் மாநகராட்சி சாலை வெட்டுக்குத் தடை போட்டுவிடும். இப்போது ஆவணி. விட்டால் தைக்குத்தான்.

பகல் பதினோரு மணிக்கு மீன்பாடி வண்டியில் குழாய் வந்தது. சாம்பல் நிறம். மேஸ்திரி தொட்டுப் பார்க்காமலே திருப்பி அனுப்பச் சொன்னார். வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாயின் மேல் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார்: ஐ.எஸ். 13592. "ஐ.எஸ். முத்திரை இருக்கே!"

"இருக்கும் சார். அது சுவத்துல இறக்குற பைப்பு. அதுலயே ஏ டைப்பு, மழைத்தண்ணிக்குப் போடறது. மண்ணுக்குள்ள போறது செங்கல் கலர்ல வரும்."

செங்கல் நிறக் குழாய் மதியத்துக்குமேல் வந்தது. அதில் ஐ.எஸ். 15328. இருபதடி நீளம், ஆறங்குலம். இரண்டே குழாயில் வேலை முடிகிறது, இருபது இணைப்பு இருந்த இடத்தில் ரப்பர் வளையம் போட்ட ஓரிரண்டு. மொத்தச் செலவில் குழாய் விலை சின்னப் பங்குதான். அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்களை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நடுவில் ஒரு சங்கடம். கேட்டருகே இருக்கும் கடைசிச் சேம்பர் ஆழமானது. உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்று அதன் அடியில் விழுந்துவிட்டது. மூங்கில் பிளாச்சால் துழாவியும் வரவில்லை. வீட்டுக்காரர், பள்ளத்தில் வேலை பார்த்த இளைஞரைப் பார்த்து, "தம்பி, ஒரு நிமிஷம் இறங்கி எடுத்துடேன், தனியா எதாவது தர்றேன்" என்றார். தம்பி வேட்டியை வரிந்து கட்டத் தொடங்கிவிட்டார்.

"டேய், மேல ஏறு." மேஸ்திரியின் குரல் அன்று முழுக்க அந்த ஒருமுறைதான் உயர்ந்தது. "ஆளை இறக்க மாட்டேன் சார். எதுனா ஆச்சுன்னா நானும் உள்ள, நீங்களும் உள்ள."

அது வெறும் மிரட்டல் இல்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கியது மாநகராட்சியா, ஒப்பந்தக்காரரா, தனிமனிதரா என்று சட்டம் பேதம் பார்ப்பதில்லை. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன் 10 லட்சம். விஷவாயுவுக்கு அந்த ஒரு நிமிஷமே தாராளம்.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு உறிஞ்சும் வண்டிக்குப் போன் போட்டார். அதற்கு ஆன செலவை எந்தத் தாளிலும் யாரும் எழுதியிருக்கவில்லை.

சாயங்காலம் வாட்டம் பார்த்தார்கள். வீட்டுக் கோடியில் ஒருவர், கேட்டருகே ஒருவர், நடுவில் தண்ணீர் நிரப்பிய டியூப். நாற்பது அடிக்கு ஒரு அடி இறக்கம் வேண்டுமென்பது நாலங்குலக் குழாய்க்கு. ஆறங்குலத்துக்கு அதைவிடக் குறைவாகவே போதும். மேஸ்திரி நாற்பதுக்கு ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கிறார், அது அவருடைய பழைய கணக்கு. நடுவில் ஓரிடத்தில் மண் தூக்கியிருந்தது. அந்த இடத்தை மட்டும் மறுபடி வெட்டச் சொன்னார். இருட்டுகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார் கொத்தனார். மேஸ்திரி கேட்கவில்லை. தம்பிதான் செல்போன் வெளிச்சத்தில் வெட்டினார். நடுவில் வயிறு தொங்கிய குழாய் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் ஒரு வருஷத்தில் அடைக்கும்.

பிறகு மாடிக் கழிவறையில் இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினார்கள். கீழே ஒவ்வொரு சேம்பரிலும் ஒருவர் நின்று வந்துவிட்டதா என்று குரல் கொடுத்தார். வந்துவிட்டது. ரப்பர் வளையத்தைக் கையால் தடவிப் பார்த்தார்கள், ஈரமில்லை. அதற்குப் பிறகுதான் மணல் போட்டார்கள்.

உங்கள் வீட்டில் இந்த வேலை நடந்தால் கூடவே நில்லுங்கள். தண்ணீர் ஊற்றிப் பார்க்கும்வரை பள்ளத்தை மூட விடாதீர்கள், கடைசித் தவணையையும் கொடுக்காதீர்கள்.