வடுவூர்ச் சடுகுடு

பினாங்கில் நெடுங்காலம் வாசம் செய்தபின் வடுவூருக்குத் திரும்பிய எனக்கு, மேட்டூர்த் தண்ணீரால் நிறையும் எங்கள் ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாகிக் கீர்த்தி பெற்றதைக் காட்டிலும், அறுவடை முடிந்த வயலில் குதிகாலால் கோடு கிழித்து நாங்கள் ஆடிய சடுகுடு, இப்போது 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் அளந்து போட்ட விரிப்பின்மீது, ஒரு ரெய்டுக்கு 30 விநாடி என்ற கணக்கோடு ஆடப்படுவதே பெரிய ஆச்சரியமாக இருந்தது. 1990-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி முதன்முதலாகப் பதக்கத்துக்குரிய ஆட்டமாகி, இந்தியா தங்கம் வென்றதைப் பத்திரிகையில் படித்த அன்று அயலூரில் நான் அடைந்த ஆனந்தம் கொஞ்சமல்ல.

பாடிப் போகிறவனுடைய தைரியத்தை ஊரே பார்க்கும். அவனுடைய சுபாவத்தை அறிய விரும்புகிறவர்கள், அவன் ஆட்டமிழந்து கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். தன் கட்சிக்காரன் எவனாவது எதிரியைத் தொட்டு மீண்டாலோ, பாடி வந்தவனை மடக்கிப் பிடித்தாலோதான் அவனுக்கு உயிர் வரும்; அதிலும் முதலில் போனவனே முதலில் திரும்ப வேண்டும் என்ற நியதியால், எப்பேர்ப்பட்ட சூரனும் பிறர் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்க நேர்கிறது. அந்தச் சமயத்தில், உள்ளே இருக்கும் சிறுவனுக்கு “காலைப் பிடிடா, விடாதே!” என்று தொண்டை கிழியக் கத்தியவர்களும் உண்டு, தான் இல்லாத ஆட்டம் எக்கேடு கெட்டால் என்ன என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு.

பக்கத்து ஊர்க் கட்சியோடு நடந்த ஒரு பந்தயத்தில், எங்கள் பக்கம் எஞ்சி நின்ற ஒரே ஒருவனுடைய கால்சட்டை ஓரத்தில் எதிரியின் விரல் உராய்ந்தது. நடுவர் அதைக் காணவில்லை, தொட்டவனே உணரவில்லை. “பட்டுடுச்சு அண்ணே” என்று நடுவரிடம் சொல்லிவிட்டு அவன் வெளியே நடந்தான். பந்தயம் போயிற்று. சிலர் அவனை ஏசினார்கள். எங்களில் மூத்தவர் ஒருவர் மட்டும் அவன் தோளில் துண்டைப் போர்த்தி வீட்டுக்கு அழைத்துச் சென்றார். இன்று, தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறைப்பாசனத் தகராறு எழுந்தால், இரு கரைக்காரர்களும் அவனிடமே வந்து நிற்கிறார்கள் என்றும், அவன் முறை வைத்தால் மறுபேச்சு இல்லை என்றும் கேள்விப்பட்டபோது, எனக்கு வியப்பே தோன்றவில்லை.

விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஊருக்கு வரும் கடல் கடந்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஊர்க் கோயிலில் கோதண்டராமரைத் தரிசித்து, பறவைகளையும் காட்டியபின், ஒரு மாலைப்பொழுதாவது அவர்களை உள்ளூர்ப் பையன்களோடு சடுகுடு ஆட விடுங்கள், முழங்கால் சிராய்ப்புக்கு அஞ்ச வேண்டாம்.