60 இலை 120 ஆன கதை

சென்ற பொங்கல் விருந்தில் சாம்பார் மிஞ்சியதும், மிஞ்சியதை இரவு வரையில் விடுதிக் காவலர்களுக்கு நாம் சுமந்து சென்று கொடுத்ததும் மன்றத்து நண்பர்களுக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணம் சமையற்காரர் அல்லர், நான்தான். இவ்விடத்தில் அதை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

விருந்துக்குப் பெயர் பதியும் புரோகிராமை சி ஷார்ப் மொழியில் எழுதியவன் நான். அம்மொழியில் 'டெலிகேட்' என்று ஒன்று உண்டு. பிரதிநிதி என்று பொருள். இன்னது நடந்தால் இன்ன வேலையைச் செய்க என்னும் கட்டளையை அது கையில் வைத்திருக்கும். ஒரு பிரதிநிதியோடு இன்னொன்றை += என்ற குறியால் கூட்டலாம்; -= என்ற குறியால் நீக்கலாம். கூட்டினால் பழைய பட்டியல் மாறுவதில்லை; இரண்டையும் கொண்ட புதுப் பட்டியல் பிறக்கிறது. அழைத்தால் அதிலுள்ள அனைவரும் வரிசைப்படி வேலை செய்வார்கள்.

பதிவுச் சாளரம் திறக்கும்போது, 'ஒரு பெயர் வந்தால் இலைக் கணக்கில் ஒன்று ஏற்று' என்ற பிரதிநிதியைக் கூட்டினேன். மூடும்போது அதே வரியை எழுத்துப் பிசகாமல் எழுதி நீக்கினேன். நீக்கியதாக எண்ணினேன் என்பதே சரி. அது பெயரிடாமல் அவ்விடத்திலேயே எழுதும் லாம்டா. எழுத்து ஒன்றாயினும், இரண்டிடத்தில் எழுதினால் இரண்டும் வேறு வேறு ஆள்கள். பட்டியலில் இல்லாத ஆளை நீக்கச் சொன்னால் சி ஷார்ப் குறை சொல்வதில்லை. பட்டியலை அப்படியே திருப்பித் தந்துவிடும். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

கணினியை அணைக்காமலே மூன்று நாள் பதிந்தோம். நாளுக்கு ஒரு முறை சாளரம் திறந்தோம். நாளுக்கு 20 பேர். முதல் நாள் ஏறியது 20. மறுநாள் இருவர் எண்ணியதால் 40. மூன்றாம் நாள் 60. ஆக, 60 பேருக்கு 120 இலை.

"இத்தனை தமிழரா தம்பி இங்கே இருக்கிறோம்?" என்று வியந்தார் செயலாளர் அண்ணன். நானும் கூடச் சேர்ந்து மகிழ்ந்தேனே தவிர, பெயர்ப் பட்டியலை எண்ணிப் பார்க்கவில்லை. மன்றத்துப் பணத்தில் பாதி அடுப்பிலே போயிற்று.

அன்றிரவே அவ்வேலையைப் பெயருள்ள மெத்தடாக மாற்றி எழுதினேன். அதே பொருளின் அதே மெத்தட் என்றால் ஒரே ஆளாகக் கொண்டு நீக்கிவிடுகிறது. பிறகு கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. சாளரத்தை மூடிவிட்டுச் சோதனைக்கு ஒரு பெயரை அனுப்பினேன், புரோகிராம் விழுந்தது. கடைசி ஆளும் நீங்கினால் எஞ்சுவது வெறும் பட்டியல் அன்று, 'நல்'. பெயரில் மட்டுந்தான் நல்லது. அழைக்குமுன் அதைச் சோதிக்கும் வரியையும் சேர்த்தேன்.

இழப்பில் என் பங்கென்று மாதம் 200 ரூபாய் கொடுத்து வருகிறேன். அண்ணன் வேண்டாமென்றுதான் சொன்னார். வரும் பொங்கலுக்கும் பதிவு என் பொறுப்பே; ஆனால் இம்முறை ஒருவர் தாளிலும் எண்ணுவார்.